பொலோன்யாவில் நின்ற கடைசல்

இத்தாலியின் பொலோன்யா நகரில் அர்மாண்டோ சிமோனி 1925இல் தொடங்கிய 'ஓமாஸ்' பேனா நிறுவனம் 2016 தொடக்கத்தில் மூடப்பட்டது. மருத்துவர்களுக்காகத் தெர்மாமீட்டரை உள்ளே வைத்த பேனாவை 1927இலேயே செய்தவர்கள் அவர்கள். 1930களில் வந்த அவர்களுடைய பன்னிரண்டு பட்டைப் பேனாவைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி அலைகிறார்கள். சரக்கு கெட்டுப்போய் இந்த நிறுவனம் விழவில்லை. எங்கள் ஊரான ராஜகுளத்தில் இருந்துகொண்டு இதைப் பற்றி நான் கவலைப்படக் காரணமே அதுதான்.

பால்பாயிண்ட் பேனா அன்றாட எழுத்தை எடுத்துக்கொண்ட பின் மைப் பேனாவுக்கு மிஞ்சியவர்கள் வசதி படைத்தவர்கள்தான். ஓமாஸ் அவர்களையே நம்பியது. குறைந்த எண்ணிக்கையில், கூடிய விலையில் பேனாக்களை வெளியிட்டது. 2000இல் பிரெஞ்சு ஆடம்பரக் குழுமமான எல்விஎம்எச் அதை வாங்கியது. 2007இல் பெரும்பங்கு ஹாங்காங்கின் ஹெங்டெலி நிறுவனத்துக்குப் போனது. ஹெங்டெலியின் முதன்மைத் தொழில் கைக்கடிகார விற்பனை. 2012 இறுதியில் சீன அரசு ஊழலுக்கு எதிராக இறங்கியதும், பரிசாகக் கைமாறிய விலையுயர்ந்த பொருள்களின் சந்தை அங்கே சரிந்தது. அந்தச் சரிவைப் பொலோன்யாவில் லேத் முன்னால் நிற்பவரால் என்ன செய்ய முடியும்? 1982இல் பிறந்த இன்னொரு இத்தாலிய நிறுவனமான டெல்டாவும் 2018க்குள் கதவை மூடியது.

நம் பக்கத்துத் திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட் கட்டையை இன்றும் கையால் கடைகிறார்கள். ரப்பரும் கந்தகமும் சேர்ந்து இறுகியதுதான் எபோனைட். மூடியின் மரை கழுத்தோடு சரியாகப் பொருந்தாவிட்டால் சட்டைப்பை நனைந்துவிடும். அந்தப் பொருத்தம் பல வருடப் பழக்கத்தில்தான் கைக்கு வரும். அருமையான வேலை. ஆனால் அவர்களைத் தேடி வாங்குவோரில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள். உயர்ந்த வகைகளுக்கு நிப் ஜெர்மனியிலிருந்து வருகிறது. ஓமாஸ் சாய்ந்து நின்ற தூணும் இதுபோன்ற ஒன்றுதான்.

ஆள் பற்றாக்குறையையும் சொல்ல வேண்டும். எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் ஐடிஐயில் டர்னர் படித்த பையன் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பேருந்தில் ஏறிவிடுகிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மாதச் சம்பளமும் பி.எஃப்பும் அங்கே கிடைக்கின்றன. ஆனால் கணினி இயக்கும் லேத்தில் பழகியவன் கைக்கடைசலுக்குத் திரும்புவது அரிது.

நம் பேனாவுக்கு வாடிக்கை எப்போதும் வெளிநாட்டில் இருக்கவில்லை. ராஜமுந்திரியில் ரத்னம் பேனா 1930களில் சுதேசி இயக்கத்தின் தூண்டுதலால் பிறந்தது. உள்ளூர்க்காரர் எழுதுவதற்காக வாங்கிய பேனா அது. இன்று நம் பள்ளிகளிலோ எழுதித் தீர்ந்ததும் தூக்கி எறியும் பால்பாயிண்ட்தான். ஒன்பதாம் வகுப்பிலாவது மைப் பேனாவுக்கு இடம் கொடுத்தால், விலை குறைந்த வகைக்கு உள்ளூரில் வாடிக்கை உண்டாகும். அது இல்லாத நிலையில் வெளிநாட்டு ஆர்டர் இரண்டு வருடம் தொடர்ந்து குறைந்தால், நம் பட்டறைகளில் முதலில் நிற்கப்போவது புதிதாகக் கடைசல் கற்க வந்தவரின் கூலி.