கண்ணெதிரே வளரும் ஆபத்து

வாயைத் திறந்தாலே தெரியக்கூடிய புற்றுநோய் இது. ஆனால் பலர் முற்றிய பிறகே டாக்டரிடம் வருகிறார்கள்.

உடலுக்குள் ஒளிந்து வளரும் புற்றுநோய்களைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டும். வாயில் வருவதைக் கண்டுபிடிக்க ஒரு டார்ச் விளக்கு போதும். இருந்தும், 2022ஆம் ஆண்டின் சர்வதேச மதிப்பீட்டின்படி இந்தியாவில் புதிதாக வாய்ப் புற்றுநோய்க்கு ஆளானவர்கள் சுமார் 1.43 லட்சம் பேர். இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000. ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான்.

மேலை நாடுகளில் நாக்கைத் தாக்குவது அதிகம். இங்கே கன்னத்தின் உட்புறமும் ஈறும்தான் இலக்கு. காரணம் எளிது: புகையிலையையும் பாக்கையும் மணிக்கணக்கில் அதக்கி வைப்பது அங்கேதான்.

'புகையிலை கலக்காத வெறும் பாக்குதானே' என்பவர்களுக்கும் விலக்கில்லை. பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கை உறுதி செய்தது. பாக்கு மென்று மென்று கன்னத் தசை நார் போல இறுகுகிறது. காரம் பட்டால் எரிகிறது. மூன்று விரல்களைச் சேர்த்து வாய்க்குள் நுழைக்க முடியாமல் போகிறது. இவர்களில் ஒரு பகுதியினருக்கு அதுவே பின்னால் புற்றுநோயாக மாறுகிறது.

உணவுப் பொருளில் புகையிலை சேர்க்கக் கூடாது என்ற 2011ஆம் ஆண்டு விதியைக் கொண்டு, 2012இல் மத்தியப் பிரதேசம் குட்காவைத் தடை செய்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. வியாபாரிகளும் வழி கண்டுபிடித்தார்கள்: பான் மசாலா ஒரு பொட்டலம், புகையிலை இன்னொரு பொட்டலம். கலக்கும் வேலை வாடிக்கையாளருடையது.

சீக்கிரம் வந்தால் கிடைக்கும் பலனுக்குக் கேரளாவே சாட்சி. 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் தொடங்கிய ஆய்வில், அவற்றில் 7 பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற பட்டதாரிகள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைப் பரிசோதித்தார்கள். டாக்டர்கள் அல்லர். 2005இல் முடிவு வெளியானபோது, அந்தப் பகுதியில் புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே இந்நோயால் ஏற்படும் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது.

ஆரம்ப கட்டத்திலும் கழுத்தை மறந்துவிடக் கூடாது. நோய் அடுத்துப் பரவுவது கழுத்து நெறிக்கட்டிகளுக்குத்தான். வாய்க் கட்டியை அகற்றும்போதே அவற்றையும் நீக்கினால் மூன்று ஆண்டுகள் கழித்து 80 சதவீதம் பேர் உயிருடன் இருக்கிறார்கள்; நோய் தென்பட்ட பிறகு நீக்கினால் 67.5 சதவீதம்தான். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் 2015ஆம் ஆண்டு ஆய்வு இதைக் காட்டியது.

பலரை ஏமாற்றுவது, ஆரம்பத்தில் வலி இல்லாததுதான். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் கட்டி, மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மல் – இவற்றில் எது தென்பட்டாலும் பல் டாக்டரையோ காது மூக்குத் தொண்டை நிபுணரையோ பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சிறு துணுக்குத் தசை எடுத்துச் சோதிப்பார்கள். கைவைத்தியத்தில் கழியும் ஒவ்வொரு மாதமும் தாடையில் ஒரு பகுதியை விலையாகக் கேட்கலாம்.