பரணில் கிடக்கும் பயிர்க் காவல் துப்பாக்கி

வீட்டுப் பரணில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி கிடக்கிறதா? உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் அனல்மின் நிலையமும் ஆலைகளும் வந்து வயல் சுருங்கிவிட்டது. காவலுக்கு வாங்கிய துப்பாக்கி மட்டும் சில வீடுகளில் மிஞ்சியிருக்கலாம்.

பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் இடமளிக்கிறது. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். ஆனால், நிலத்தைப் போல உரிமம் வாரிசுக்குத் தானாக வந்து சேராது. உரிமதாரர் இறந்துவிட்டால், துப்பாக்கியைத் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு உங்கள் பெயரில் உரிமம் கேட்டு மனுப் போடலாம். உரிமமின்றி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. 2019 திருத்தத்துக்கு முன் இது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது. துருப்பிடித்த பழைய இரும்புதானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள்.

உரிமம் கையில் இருப்பதாலேயே காட்டுப்பன்றியைச் சுட்டுவிட முடியாது. அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர்தான் சுடலாம். பயிர் சேதமானால் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரகரிடமும் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள்.