காருக்குள்ளே ஒரு பூட்டு!



மின்சாரக் காரைப் பற்றி நம்ம எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். பெட்ரோல் வேண்டாம், புகை வராது, சத்தமும் குறைவு. ஆனால் சில மின்சாரக் கார்களுக்குள்ளே ஒரு பூட்டு இருக்கிற விஷயம் எத்தனை பேருக்குத் தெரியும்? கதவுப் பூட்டைச் சொல்லவில்லை. பேட்டரியையும் மோட்டாரையும் பூட்டி வைக்கும் சாஃப்ட்வேர் பூட்டு. காசு கட்டினால் திறக்கும். கட்டாவிட்டால், பொருள் நம் வண்டியிலேயே இருந்தும் நமக்கு உதவாது. அதைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

புயல் வந்தபோது திறந்த பூட்டு

2017 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தை 'இர்மா' என்ற பெரும் சூறாவளி தாக்கியது. 60 லட்சத்துக்கும் அதிகமான மக்களை வீட்டை விட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போகும்படி அரசு சொன்னது. அப்போது டெஸ்லா கார் வைத்திருந்த ஒருவர், தப்பிப் போக இன்னும் கொஞ்சம் தூரம் ஓடினால் போதும் என்று கம்பெனியிடம் உதவி கேட்டார்.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? மெக்கானிக்கை அனுப்பவில்லை, புது பேட்டரியும் அனுப்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே இணையம் வழியாக அவர் காரின் பேட்டரி அளவைக் கூட்டிவிட்டது! அந்தப் பகுதியில் அதே வகைக் கார் வைத்திருந்த மற்றவர்களுக்கும் அப்படியே செய்தது. ஒவ்வொரு காரும் சுமார் 50, 60 கிலோமீட்டர் கூடுதலாக ஓடியது. ஆனால் செப்டம்பர் 16 வரைக்கும்தான். அதற்குப் பிறகு மறுபடியும் பூட்டு.

இது மந்திரம் இல்லை. அந்தக் காரின் பெயர் மாடல் எஸ் 60. 60 என்பது பேட்டரியின் அளவு, அதாவது 60 கிலோவாட் மணி. ஒரு கிலோவாட் மணி என்றால் நம் வீட்டுக் கரண்ட் பில்லில் வருகிற ஒரு யூனிட். ஆனால் 2016 ஜூன் முதல் விற்ற அந்தக் காருக்குள் உண்மையில் இருந்தது 75 யூனிட் பேட்டரி! 15 யூனிட்டை சாஃப்ட்வேரால் பூட்டியிருந்தார்கள். 60 எண் கார் 66,000 டாலர், 75 எண் கார் 74,500 டாலர். 60 வாங்கியவர் பிறகு மனம் மாறினால் 9,000 டாலர் கட்டித் திறந்துகொள்ளலாம்.

இதற்கு முன்பே, 2013-லும் இப்படி நடந்தது. 40 யூனிட் பேட்டரியோடு ஒரு கார் விற்பதாக டெஸ்லா அறிவித்திருந்தது. அதைக் கேட்டவர்கள் நூற்றுக்கு 4 பேர்தான். அவர்களுக்காகத் தனியாக ஒரு பேட்டரி செய்வது கட்டுப்படியாகாது என்று 60 யூனிட் பேட்டரியையே வைத்து, 40-க்குப் பூட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

பூட்டு எங்கே இருக்கிறது?

பெட்ரோல் காரின் வேகத்தை நன்றாகக் கூட்ட வேண்டுமென்றால் பெரிய இன்ஜின், டர்போ என்று இரும்பு வேலை நிறைய உண்டு. பெட்ரோல் காரிலும் இன்ஜினைக் கட்டுப்படுத்த ஒரு கம்ப்யூட்டர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மின்சாரக் காரில் அந்தக் கம்ப்யூட்டர் கையில்தான் முழு அதிகாரமும்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ன நடக்கிறது? நாம் மிதிப்பது ஒரு விண்ணப்பம் மாதிரி. "இவ்வளவு வேகம் வேணும்" என்று கம்ப்யூட்டரிடம் கேட்கிறோம். அது பேட்டரியின் சூடு, சார்ஜ், மோட்டாரின் நிலை எல்லாம் பார்த்து, எவ்வளவு மின்னோட்டம் விடலாம் என்று முடிவு செய்கிறது. நடுவில் இருக்கும் இன்வெர்ட்டர், பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கி மோட்டாருக்கு அனுப்புகிறது.

இயற்பியல் பாடத்தில் படித்தோமே, திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். ஒரு காரின் பேட்டரி 400 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 500 ஆம்பியர் விட்டால் 2,00,000 வாட், அதாவது 200 கிலோவாட். சாஃப்ட்வேரில் "400 ஆம்பியருக்கு மேல் விடாதே" என்று ஒரு வரி எழுதினால் 160 கிலோவாட். அவ்வளவுதான் பூட்டு! அதே மோட்டார், அதே பேட்டரி, மாறியது ஓர் எண் மட்டும்.

வேகக் கார்களில் மூன்று வகை

ஒரே மாடலில் சாதா கார், வேகக் கார் என்று இரண்டு விற்கிறார்களே, எல்லாமே இந்த எண் விளையாட்டுதானா என்றால், இல்லை. நான் புரிந்துகொண்ட வரையில் மூன்று வகை உண்டு.

முதல் வகையில் உண்மையாகவே பாகங்கள் மாறும். 2015-இல் டெஸ்லா 'லூடிக்ரஸ்' என்ற அதிவேக வசதியை 10,000 டாலருக்குக் கொண்டுவந்தது. அதற்காக ஃப்யூஸையே புதிதாக வடிவமைத்தார்கள். மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரை, கடும் வெப்பத்தைத் தாங்கும் 'இன்கோனல்' என்ற உலோகக் கலவையில் செய்தார்கள். மின்னோட்ட உச்சவரம்பு 1,300 ஆம்பியரிலிருந்து 1,500 ஆனது. இங்கே கொடுக்கும் காசுக்கு ஒரு பொருள் கைக்கு வருகிறது.

இரண்டாம் வகை, பொறுக்கி எடுப்பது. சந்தையில் ஒரே தோட்டத்து மாம்பழத்தை முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று பிரிக்கிறார்கள் இல்லையா, அதுபோல. டெஸ்லா மாடல் 3-இன் வேகக் காருக்கு, தயாரான மோட்டார்களில் சோதனையில் சிறப்பாக வந்தவற்றைத் தேர்ந்தெடுப்பதாக அதன் தலைவர் எலான் மஸ்க் 2018-இல் சொன்னார்.

மூன்றாம் வகை, வெறும் சாஃப்ட்வேர். 2019 டிசம்பரில் மாடல் 3-இன் ஒரு வகைக் காருக்கு 2,000 டாலர் கட்டினால் வேகம் கூடும் என்று அறிவித்தார்கள். மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட 4.4 நொடி எடுத்த கார் 3.9 நொடியில் தொட்டது. யாரும் ஸ்பேனரைத் தொடவே இல்லை! போல்ஸ்டார் 2 என்ற கார் 1,000 யூரோ வாங்கிக்கொண்டு 300 கிலோவாட்டிலிருந்து 350-க்குப் போனது. மெர்சிடிஸ் கம்பெனி 2022-இல் அமெரிக்காவில் இதை வருடச் சந்தாவாகவே அறிவித்தது. வருடத்துக்கு 1,200 டாலர். நம் ஓசூரில் தயாராகும் ஏத்தர் மின்சார ஸ்கூட்டரிலும் 'ப்ரோ பேக்' என்று தனி விலைக்கு ஒரு தொகுப்பு விற்றார்கள். சில வசதிகள் அதை வாங்கியவருக்கே திறந்தன.

ஒரு சின்னக் கணக்கு

2025 ஆகஸ்டில் பிரிட்டனில் ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 காருக்கு இப்படி ஒரு திட்டம் வந்தது. 150 கிலோவாட் காரை 170 ஆக்க மாதம் 16.50 பவுண்டு, அல்லது வருடத்துக்கு 165 பவுண்டு, அல்லது ஒரேயடியாக 649 பவுண்டு. எது லாபம்? 649-ஐ 16.50-ஆல் வகுத்தால் 39.3. அதாவது மாதாமாதம் கட்டுபவர் 40-ஆவது மாதத்தில் 649-ஐத் தாண்டிவிடுவார். அதற்குப் பிறகும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றரை வருடம் கூட ஆகவில்லை, பார்த்தீர்களா? கார் வாங்குகிறவர்கள் பல வருடம் வைத்து ஓட்டுவார்கள். வகுத்தல் கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்கவும்!

கம்பெனி பக்கத்து நியாயம்

கோபப்படுவதற்கு முன்னால் அவர்கள் பக்கத்தையும் பார்ப்போம்.

பத்து வகைப் பேட்டரி செய்வதை விட ஒரே வகை செய்வது மலிவு. அந்த மிச்சத்தில் கையில் பணம் குறைவாக இருப்பவருக்குக் குறைந்த விலையில் கார் கிடைக்கிறது. மாடல் எஸ் 60 வாங்கியவர் 8,500 டாலர் குறைவாகத்தானே கொடுத்தார்!

இன்னொரு நன்மையும் உண்டு. லித்தியம் பேட்டரியைத் தினமும் முழுக்க நிரப்பினால் அதன் ஆயுள் குறையும். 75-இல் 60 என்பது 80 சதவீதம். ஆகவே பூட்டிய கார் திரையில் 100 என்று காட்டினாலும் பேட்டரி உண்மையில் முழுக்க நிரம்புவதில்லை. பூட்டே பேட்டரிக்குக் காவலாகவும் ஆகிவிடுகிறது.

வேகத்துக்கும் இது பொருந்தும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும் என்று ஜூல் விதி சொல்கிறது. அதிக வேகம் என்றால் அதிகத் தேய்மானம். பழுதானால் உத்தரவாதக் காலத்தில் சரிசெய்து கொடுப்பது கம்பெனிதான். அதற்கும் சேர்த்து ஒரு விலை வைக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் உலகத்துக்கு இது புதிதும் இல்லை. 1991-இல் இன்டெல் விற்ற 486 எஸ்எக்ஸ் சில்லு என்பது, ஆரம்பத்தில் 486 டிஎக்ஸ் சில்லுதான். அதன் கணக்குப் போடும் பகுதியைச் செயலிழக்கச் செய்து மலிவாக விற்றார்கள். 2010-இல் அதே கம்பெனி 50 டாலர் அட்டை ஒன்றை விற்றது. அதிலிருக்கும் எண்ணைத் தட்டினால் சில்லின் பூட்டு திறக்கும். மக்கள் முகம் சுளித்தார்கள், அடுத்த வருடமே அது நின்றுபோனது.

வாங்கியவர் பக்கத்து நியாயம்

இப்போது மறுபக்கம். பூட்டிய 15 யூனிட் பேட்டரியின் எடையையும் அந்தக் கார் தினமும் சுமந்துகொண்டுதான் ஓடுகிறது. அந்தச் சுமைக்கு ஆகும் கரண்ட் செலவு யாருடையது? வாங்கியவருடையது.

அடுத்தது வாடகை. 2022-இல் பிஎம்டபிள்யூ கம்பெனி தென்கொரியா உட்படச் சில நாடுகளில் இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா வைத்தது. மாதம் சுமார் 18 டாலர். குளிர் நாட்டில் அது தேவையான வசதி. சூடாக்கும் கம்பி இருக்கைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. கட்டாவிட்டால் சூடாகாது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. 2023-இல் கம்பெனி அதைக் கைவிட்டது.

மூன்றாவதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 60 எண் டெஸ்லா கார் ஒன்றுக்குப் பேட்டரி பழுதானதால், உத்தரவாதத்தில் 90 யூனிட் பேட்டரி போட்டுக் கொடுத்திருந்தார்கள். கார் கைமாறி மூன்றாவது ஆளிடம் வந்தது. அவர் 90 என்று நம்பித்தான் வாங்கினார். 2022-இல் காரின் கம்ப்யூட்டரை மாற்றிய பிறகு, கம்பெனி தூரத்திலிருந்தே அதை 60-க்குப் பூட்டிவிட்டது. ஒரு சார்ஜுக்கு சுமார் 130 கிலோமீட்டர் போச்சு! திறக்க 4,500 டாலர் கேட்டார்கள். விஷயம் வெளியே வந்து எல்லோரும் கேள்வி கேட்ட பிறகுதான் கம்பெனி இறங்கி வந்தது.

சாஃப்ட்வேர் என்றாலே தீமை என்று நான் சொல்லவில்லை. 2018 மே மாதம் அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை மாடல் 3-ஐச் சோதித்து, பிரேக் போட்டால் நிற்க 152 அடி ஆகிறது என்று எழுதியது. சில நாட்களிலேயே இணையம் வழியாகத் திருத்தம் அனுப்பினார்கள். கார் 133 அடியில் நின்றது. 19 அடி குறைவு! அதுவும் இலவசமாக. ஒரு குழந்தை குறுக்கே வந்தால் அந்த 19 அடி எவ்வளவு பெரியது!

பூட்டு என்று ஒன்று இருந்தால் அதைத் திறந்து பார்க்கவும் ஆள் வரும். 2023-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவர்கள், டெஸ்லா காரின் சில்லுக்குப் போகும் மின்னழுத்தத்தை ஒரு கணம் குறைத்து, அதன் பாதுகாப்பைத் தாண்டிக் காட்டினார்கள். பின் இருக்கைச் சூடு போன்ற கட்டண வசதிகளை இப்படித் திறக்கலாம் என்றார்கள்.

நான் நினைப்பது

விலை குறைத்துப் பூட்டிக் கொடுப்பது ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது, வாங்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால். ஆனால் ஒரு பொருளை விற்ற பிறகும் சாவி விற்றவர் கையிலேயே இருக்கிறது என்பதுதான் விஷயம். நாம் சைக்கிள் வாங்கினால் கடைக்காரர் ராத்திரி வந்து கியரைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. இந்தக் காரில் முடியும்.

புயல் நேரத்தில் பூட்டைத் திறந்தது நல்ல காரியம், பாராட்ட வேண்டும். ஆனால் அது கருணை. அடுத்த புயலுக்கும் திறப்பார்கள் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. உயிர் காக்கும் விஷயத்துக்கு எந்தக் கம்பெனியும் பூட்டுப் போடக் கூடாது என்று சட்டமே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நாளைக்கு நம் வீட்டிலும் மின்சார வண்டி வாங்கலாம். அப்போது அப்பா, அம்மாவோடு நாமும் கடைக்குப் போய் மூன்று கேள்வி கேட்போம்:

1. இந்த வண்டிக்குள் இருந்தும் பூட்டியிருக்கும் வசதி என்னென்ன?

2. திறக்க ஒரு தடவை கட்டினால் போதுமா, மாதாமாதம் கட்ட வேண்டுமா?

3. நாங்கள் வண்டியை விற்றால், திறந்த வசதி வண்டியோடு போகுமா, எங்களோடு நின்றுவிடுமா?

பதிலை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்க வேண்டும்.

நண்பர்களே, காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் பூட்டு இருப்பது சரியா, தவறா? உங்கள் கருத்தை ஒரு தாளில் எழுதி இதழ்ப் பெட்டியில் போடுங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.



– பதினொன்றாம் வகுப்பு, அறிவியல் பிரிவு