சான்றிதழுக்குப் பிறகு இரண்டு வருசம்

போன மாசம் பக்கத்து நிலத்துக்காரர் மகன், சான்றிதழ் ஒன்றைக் கையில் பிடித்தபடி வரப்பில் நடந்து வந்தான். "மேனேஜர் சார், பத்து நாள் மாட்டுப் பண்ணை டிரெய்னிங் முடிச்சிட்டேன். இத வெச்சிக்கினு லோன் வாங்கலாமா?" ஓய்வு பெற்று ஏழு வருசம் ஆகியும் ஆம்பூர்ப் பக்கம் எனக்கு மேனேஜர் என்றுதான் பேர்.

அந்தக் காகிதத்தை நான் நன்றாக அறிவேன். கிளை மேலாளராக இருந்தபோது இதே மாதிரி சான்றிதழோடு வந்த ஒரு பெண்ணை, "சொத்து ஜாமீன் இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவன் நான். மார்ச் மாதக் கடைசி. என் தலையில் அப்போது வாராக்கடன் கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பிறகு ஷூ கம்பெனியில் தைக்கப் போய்விட்டதாகக் கேள்வி. அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் எத்தனையோ வீட்டில் அடுப்பெரிவது தோல் கம்பெனிச் சம்பளத்தில்தான். ஆனால் அவள் மாடு வளர்க்க வந்தவள். அதைக் கெடுத்தது என் மேசை.

அரசுப் பணத்தில் இளைஞர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சம்பள வேலைக்கு ஆள் தயார் செய்வது. 2014-இல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாயா கிராமப்புறத் திறன் திட்டம் இந்த வகை. தோல் துறைக்கென்றே ஒன்றிய அரசு தனியாக ஒரு திட்டம் வைத்திருந்தது. வேலையில்லாத ஒருவருக்குப் பயிற்சி கொடுக்க 15,000 ரூபாய். பயிற்சி பெற்றவர்களில் 75 விழுக்காட்டினரை வேலையில் சேர்த்தாக வேண்டும். இங்கே வெற்றி என்றால் சம்பளச் சீட்டு. 2020 ஊரடங்கில் கம்பெனி பஸ் வராமல் நின்றபோது அந்தச் சீட்டு என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும்.

இரண்டாவது வகை, சொந்தத் தொழில் செய்யச் சொல்லித் தருவது. நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். இதன் தொடக்கம் கர்நாடகத்தில். 1982-இல் தர்மஸ்தலா பக்கத்தில் உள்ள உஜிரே என்ற ஊரில், தர்மஸ்தலா கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார்கள். (சிண்டிகேட் வங்கி 2020-இல் கனராவில் கரைந்துவிட்டது. என்னைப் போன்ற பழைய வங்கிக்காரர்களுக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு.) அந்த மாதிரியைப் பார்த்துத்தான் 2009 முதல் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம், மாவட்டத்துக்கு ஒரு ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் என்று நாடு முழுக்க விரித்தது. நடத்துவது வங்கி, செலவைத் தருவது அரசு. இயக்குநர் நாற்காலியில் இருப்பவரும் வங்கி அதிகாரிதான். வேலூரில் இந்தியன் வங்கி நடத்துகிறது, 'இன்ட்செட்டி' என்பார்கள்.

பயிற்சி இலவசம். சாப்பாடும் தங்குமிடமும் அவர்களே. 18 வயது முடிந்திருக்க வேண்டும். பால் மாடும் மண்புழு உரமும் சேர்த்து ஒரு பத்து நாள் வகுப்பு, ஆடு, கோழி, காளான், தேனீ என்று உழவோடு ஒட்டிய பாடங்கள் நிறைய. இதுவரை பலருக்கும் தெரியும். தெரியாதது, பயிற்சி முடிந்த பிறகு இரண்டு வருசம் அந்த நிலையம் உங்களைப் பின்தொடர வேண்டும் என்பது. வங்கிக் கடனுக்கு வழிகாட்டுவது, நேரில் வந்து பார்ப்பது, தொழில் தடுமாறினால் யோசனை சொல்வது எல்லாம் திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நிலையத்துக்கு மதிப்பெண் போடும்போது எத்தனை பேர் தொழில் தொடங்கினார்கள், அதில் எத்தனை பேருக்குக் கடன் கிடைத்தது என்றும் கேட்கிறார்கள். பத்து நாளோடு முடிந்தது என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்வதால் யாரும் போய்க் கேட்பதில்லை. கேட்காத கஸ்டமரை நாங்களும் தேடிப் போனதில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தம்பியை உட்கார வைத்து அவன் திட்ட அறிக்கையைப் பார்த்தேன். இரண்டு கலப்பினப் பசு, கடைத் தீவனம், வரவு பக்கம் பால் மட்டும். சாணம் என்ற சொல்லே இல்லை! பயிற்சியில் மண்புழு உரம் சொல்லிக் கொடுத்துவிட்டு அறிக்கையில் அதை விட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் மாற்றி எழுதினோம். கால் ஏக்கரில் சொந்தத் தீவனம், உரம் அவன் அப்பாவின் நெல்லுக்கு. அதனால் மிச்சமாகும் யூரியா, பொட்டாஷ் காசையும் வரவில் வைத்தோம். தீவனம் போடும் முன் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னேன். பாலாற்றங்கரையில் தோல் கழிவு பட்ட கிணறுகள் எவ்வளவு என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1996-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன விசயம். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

கடன் ஒன்றரை லட்சம். கிளையில் முதல் கேள்வி, நான் அன்று கேட்டதேதான்: "ஜாமீன் என்ன?" 2025 சனவரி 1 முதல் வேளாண் கடனும் கால்நடை போன்ற துணைத்தொழில் கடனும் 2 லட்சம் ரூபாய் வரை பிணையம் இல்லாமல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கூடவே கிசான் கடன் அட்டை மாடு வளர்ப்புக்கும் உண்டு. தீவனம், வைத்தியம் போன்ற நடைமுறைச் செலவுக்கு எடுத்து ஒழுங்காகக் கட்டினால் வட்டி 4 விழுக்காடு. இதைப் பையன் சொன்னதும், "பார்க்கலாம், அடுத்த வாரம் வா" என்றார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வசனத்தை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

ஆகவே, விண்ணப்பத்தை வாயால் கொடுக்காதீர்கள். எழுத்தில் கொடுத்துத் தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். காரணத்தை எழுத வேண்டும் என்றாலே பாதி மேலாளர்கள் கோப்பை மறுபடி திறந்து பார்ப்பார்கள். அந்த ஒப்புகையின் நகலைப் பயிற்சி நிலையத்தில் கொடுத்து, "என் பேர் உங்க இரண்டு வருசக் கணக்கில் இருக்கு, கிளையில் பேசுங்க" என்று கேளுங்கள். இயக்குநரும் மேலாளரும் ஒரே சாதி, வங்கிச் சாதி. போனில் முடித்துக்கொள்வார்கள்.

தம்பி அப்படித்தான் செய்தான். வரும் வியாழன் நிலையத்திலிருந்து ஒருவர் இடம் பார்க்க வருகிறாராம். கொட்டகைக்குக் கீற்று இன்னும் வேயவில்லை. அவன் அக்காவும் கம்பெனிக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு கூட மாட நிற்கிறேன் என்றிருக்கிறாள்.