ஈஸ்திரோசனும் நிர்ப்பீடனக் கலங்களும்

நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரு படித்தானதன்று. இன்புளுவென்சாத் தடுப்பூசியை இருபாலார்க்கும் ஒரே அளவிற் செலுத்தினும், பெண்களின் குருதியிலே பிறபொருளெதிரிகள் பொதுவாக மிகுதியாகத் தோன்றுகின்றன. ஆயின், இவ்வாற்றல் தீங்கின்றி வாய்த்ததுமன்று. உடலின் காவற்படை தன்னுடலையே தாக்குவதால் விளையும் லூப்பசு என்னும் நோய், ஓர் ஆடவனுக்கு ஏறத்தாழ ஒன்பது பெண்கள் என்ற அளவிற் காணப்படுகின்றது. அதுவும் பெரும்பாலும் மகப்பேற்றுக்குரிய பருவத்திலேயே தொடங்குகின்றது. சூலகம் சுரக்கும் ஈஸ்திரோசன் என்னும் ஓமோன்மீது அறிஞர் ஐயங்கொண்டது இதனாலேயாம்.

ஓர் ஓமோன் ஒரு கலத்தில் நேரே தொழிற்படவேண்டுமாயின், அதனைப் பற்றிக்கொள்ளும் வாங்கி அக்கலத்தில் இருத்தல் வேண்டும். ஈஸ்திரோசனுக்குரிய வாங்கியைச் சிக்காகோப் பல்கலைக்கழகத்து எல்வூட் யென்சன் 1950களின் பிற்பகுதியில் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். இரண்டாவது வகை வாங்கியொன்று 1996இல் சுவீடனில் அறியப்பட்டது. கருப்பைக்கே உரியனவென எண்ணத்தக்க இவ்வாங்கிகள் நிணநீர்க்குழியங்களிலும், கிருமிகளை விழுங்கும் பெருந்தின்குழியங்களிலும் உள்ளன. ஓமோனைப் பற்றிய வாங்கி கலத்தின் கருவினுள்ளே பரம்பரையலகுகளைச் சார்ந்து, எப்புரதம் எவ்வளவு ஆக்கப்படவேண்டும் என்பதை மாற்றியமைக்கின்றது.

அம்மாற்றம் எத்திசையிற் செல்லும்? இங்கேதான் பொருள் சிக்கலாகின்றது. ஈஸ்திரோசன் பிறபொருளெதிரிகளை ஆக்கும் பி நிணநீர்க்குழியங்களை ஊக்குகின்றது. தன்னுடலையே தாக்கக்கூடியனவாய் அழிந்தொழிய வேண்டிய பி குழியங்கள் சில அதனால் உயிர்பிழைத்து விடுவதை எலிகளிற் கண்டுள்ளனர். கருவுற்ற காலத்திலோ அதன் அளவு பன்மடங்கு உயர்கின்றது. அவ்வுயர்ந்த அளவில், அழற்சியை மூட்டும் பொருள்களைப் பெருந்தின்குழியங்களும் ரீ நிணநீர்க்குழியங்களும் வெளிவிடுவது தணிகின்றது. பிறபொருளெதிரியாக்கம் அவ்வாறு தணிவதில்லை. ஊக்குவதும் அடக்குவதும் ஒரே பொருளென்பது வியப்பன்றோ!

மூட்டுக்களை வீங்கச்செய்யும் முடக்குவாதம் கருவுற்ற பெண்கள் பலரில் தணிவதை அமெரிக்க மருத்துவர் பிலிப் கெஞ்சு 1938இல் எடுத்துரைத்தார். (அத்தணிவின் காரணத்தைத் தேடிச்சென்ற வழியிலேயே அவர் கோட்டிசோன் மருந்தை அடைந்து, 1950இல் நோபெற் பரிசிற் பங்கு பெற்றார்.) மகப்பேற்றின்பின் சில திங்களில் நோய் பெரும்பாலும் மீள்கின்றது. பிறபொருளெதிரிகளால் விளையும் லூப்பசோ கருவுற்ற காலத்தில் அவ்வாறு தணிவதில்லை, சிலரிற் பெருகுவதுமுண்டு. இவையனைத்தையும் ஈஸ்திரோசனுக்கே உரியனவாக்குதல் பொருந்தாது. புரோசெத்திரோன் முதலிய பிற ஓமோன்களும் அக்காலத்தே உயர்கின்றன.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. லூப்பசு நோயுற்ற பெண்கள் ஈஸ்திரோசன் கலந்த கருத்தடை மாத்திரைகளை உட்கொள்ளலாகாதென மருத்துவர் பலர் நெடுங்காலம் விலக்கி வந்தனர். 2005இல் வெளியான அமெரிக்கச் சோதனையொன்று, நோய் தணிந்தோ நிலைத்தோ இருந்த பெண்களில் அம்மாத்திரைகள் நோயைக் கடுமையாகக் கிளறவில்லையெனக் காட்டிற்று. எனினும், குருதியை உறையச் செய்யும் பிறபொருளெதிரிகள் உடையோர்க்கு அவை இன்றும் விலக்கேயாம்.

ஓமோன் ஒன்றே காரணமுமன்று. மிகையான எக்சு நிறமூர்த்தம் ஒன்றுடன் பிறந்த ஆடவர்க்கு லூப்பசு ஏற்படும் வாய்ப்பு ஏனைய ஆடவரினும் ஏறத்தாழப் பதினான்கு மடங்கென 2008இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.