எப்போது வருகிறது அந்தச் சத்தம்?

பழைய கார் வாங்கியவர்கள் பலருக்கு முதல் மாதத்திலேயே இந்தக் கவலை வந்துவிடுகிறது. ஓட்டிப் பார்த்த அன்று ஒன்றும் கேட்கவில்லை. விற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார், ஏசி ஓடியது, பாட்டு ஓடியது, வண்டி தெருமுனை வரை போய்த் திரும்பியது. இப்போது புறவழிச்சாலையில் 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் எங்கிருந்தோ ஓர் உறுமல். இல்லையென்றால் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஒரு கடகடப்பு.

ஒர்க்‌ஷாப்புக்குப் போய், "முன்னாடி ஏதோ சத்தம் வருது" என்கிறோம். அவர்களும் வண்டியைத் தூக்கிப் பார்த்து, தேய்ந்ததுபோல் தெரியும் ஒரு பாகத்தை மாற்றுகிறார்கள். பழைய வண்டியில் எங்கே தொட்டாலும் ஏதாவது கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். அதனால் மாற்றியது வீண் என்றும் சொல்ல முடியாது, சத்தமும் போகாது. அடுத்த முறை இன்னொரு பாகம். இப்படி ஊகத்தில் பாகம் மாற்றுவதில் போகிற பணத்தைப் பெரும்பாலும் மிச்சப்படுத்த முடியும். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் நீங்களே அரை மணி நேரம் கவனித்து ஓட்டினால் போதும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

நாம் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன மாதிரி சத்தம், எந்தப் பக்கம்?" என்றுதான். இரண்டுமே அதிகம் உதவாது. ஒருவருக்கு உறுமலாகப் படுவது இன்னொருவருக்கு முனகலாகப் படும். பக்கத்தைப் பற்றிக் காது சொல்வதையும் காருக்குள் நம்ப முடியாது. இரும்பில் ஒலி காற்றைவிடப் பதினைந்து மடங்கு வேகத்தில் பாய்கிறது. பின் சக்கரத்தில் பிறந்த அதிர்வு வண்டியின் அடித்தளம் வழியாக ஓடி, டாஷ்போர்டுக்குக் கீழே வந்து ஒலிக்கலாம். தாழ்ந்த சுருதியில் வரும் உறுமல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிவதும் நம் காதுக்குக் கடினம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: சத்தம் எப்போது வருகிறது, எதைப் பின்தொடர்ந்து கூடிக் குறைகிறது?

காரில் சத்தம் பின்தொடரக்கூடியவை சிலதான்: என்ஜினின் சுற்று, சக்கரத்தின் சுற்று, சாலையின் மேடுபள்ளம், ஸ்டீயரிங், பிரேக், காற்று. எதைப் பின்தொடர்கிறது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

முதலில் என்ஜினைப் பிரித்துவிடுங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து விடுங்கள். நின்ற வண்டியிலேயே அதே சத்தம் வந்தால் சக்கரத்தையும் சஸ்பென்ஷனையும் மறந்துவிடலாம். வரவில்லையென்றால் காலியான சாலையில் ஒரே வேகத்தை, 50 என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். வண்டியின் வேகம் ஒன்றுதான், என்ஜினின் சுற்று மட்டும் மாறுகிறது. கியர் மாறியதும் சத்தத்தின் சுருதி மாறினால் என்ஜின் பக்கம், மாறாமல் அப்படியே இருந்தால் சக்கரத்தின் பக்கம். ஒரே ஒரு கியரில் மட்டும் முனகி மற்ற கியர்களில் அடங்கினால் கியர்பாக்ஸ். இந்தச் சோதனைக்காக ஓடுகிற வண்டியில் சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் வேலை செய்யாமல் போகும், ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளலாம்.

தட்டுகிற சத்தமாக இருந்தால் எண்ணிப் பார்ப்பதும் நல்ல வழி. சிறிய கார்களின் 14 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.9 மீட்டர் நகர்கிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவு, வாயால் எண்ணக்கூடிய அளவு. நின்று ஓடும் என்ஜின்கூட நொடிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று முறை சுற்றும். மெதுவாகப் போகும்போது "டக், டக், டக்" என்று எண்ணும்படி வந்தால் அது சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. டயரின் பள்ளத்தில் சிக்கிய கல்லாக இருக்கலாம், குத்தி நிற்கும் ஆணியாகவும் இருக்கலாம்.

இனி உறுமல். பழைய கார்களில் அதிகம் குழப்புவது இதுதான். வேகம் கூடக் கூட உறுமலும் கூடும், கியர் மாற்றினால் மாறாது. சொல்லி வைத்தாற்போல் எல்லோரும் "வீல் பேரிங் போயிடுச்சு" என்பார்கள். பல நேரம் அது உண்மைதான். ஆனால் தேய்மானம் சரியில்லாத டயரும் அச்சு அசலாக இதே குரலில் உறுமும். இரண்டையும் பிரிப்பதற்கு வழி உண்டு.

டயர் சத்தம் சாலைக்குச் சாலை மாறும். சொரசொரப்பான சாலையில் ஓங்கி ஒலித்து, புதிதாகத் தார் போட்ட வழவழப்பான இடத்தில் சட்டென்று அடங்கினால் டயரைப் பாருங்கள். பேரிங் சத்தத்துக்குச் சாலை எப்படி இருந்தாலும் ஒன்றுதான், அது சுமையைத்தான் பார்க்கும். இடப்பக்கம் வளையும்போது வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங், வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடப்பக்கம். நீண்ட வளைவுகளில் இது நன்றாகத் தெரியும். நேர்ச்சாலையில் வண்டியை வெட்டி வெட்டி ஓட்டிச் சோதிக்க வேண்டாம்.

நண்பர் ஒருவர் வாங்கிய சிறிய காரில் இப்படித்தான் ஓர் உறுமல். முன் வலப்பக்கப் பேரிங் மாற்றியாகிவிட்டது, சத்தம் குறையவில்லை. அடுத்து இடப்பக்கப் பேரிங்கையும் மாற்றச் சொன்னார்கள். அதற்கு முன் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் வண்டியைத் தூக்கவில்லை. "சார், நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உட்கார்றேன்" என்று ஏறிக்கொண்டார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பியதும், ஸ்டீயரிங்கை ஒடித்து நிறுத்தச் சொல்லி முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு திசையில் தடவச் சொன்னார். வழவழவென்று இருந்தது. எதிர்த் திசையில் தடவச் சொன்னார். ரம்பத்தின் பல்லைத் தடவியதுபோல் கையில் உறுத்தியது. டயரின் ஒவ்வொரு ரப்பர் கட்டையின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து, மறு விளிம்பு கூராக நின்றது. முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டார். மறுபடி ஓட்டியபோது உறுமல் பின் சீட்டுக்குக் கீழே போய்விட்டது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். வீல் அலைன்மென்ட் கெட்ட நிலையில் வண்டி நீண்ட நாள் ஓடியிருக்கிறது. சஸ்பென்ஷனில் உள்ள லோயர் ஆர்ம் புஷ் தளர்ந்ததுதான் மூல காரணம். புஷ்ஷை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றியிருந்தால் புது டயரும் அதே கதிக்கு வந்திருக்கும்.

டயர் மாற்றிப் போடுவதற்குப் பெரிய செலவில்லை. ஆகவே உறுமலுக்கு முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. சத்தம் இடம் மாறாவிட்டால் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றச் சொல்லுங்கள். சுற்றும்போது காயில் ஸ்பிரிங்கின் மேல் இன்னொரு கையை வைத்தால், கெட்ட பேரிங்கின் நறநறப்பு விரலுக்கே தெரியும். கூடவே டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்பு எண்ணையும் படித்துவிடுங்கள். டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரமும் ஆண்டும். 3217 என்றால் 2017-இன் 32-ஆவது வாரம். பழைய டயர் கட்டை நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகிப்போய்ச் சத்தம் போடும், ஈரத்தில் பிடிப்பும் குறையும்.

அடுத்தது கடகடப்பு, மேடுபள்ளத்தில் மட்டும் வருவது. இதற்கு நம் ஊர் வேகத்தடைகளே நல்ல சோதனைச் சாலை. முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் ஏறும்படி வேகத்தடையை நேராகக் கடந்து பாருங்கள். பிறகு ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சிறு பள்ளங்களில் இறங்கும்படி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கும்போது, அவற்றை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாருக்கு வேலை இல்லை. ஒன்று ஏறி மற்றொன்று ஏறாதபோதுதான் அது முறுக்கப்படுகிறது. ஆகவே வேகத்தடையில் அமைதி, ஒற்றைப் பள்ளத்தில் கடகடப்பு என்றால் அந்தப் பாரின் லிங்க் ராடையோ புஷ்ஷையோ பாருங்கள். வேகத்தடையில் இறங்கும்போது "டொம்" என்று கனத்த ஒற்றைச் சத்தம் என்றால் ஷாக் அப்சார்பரோ அதன் மேல் மவுண்டோ.

இன்னொரு எளிய சோதனை: கடகடக்கும் சாலையில் போகும்போதே பிரேக்கை மிக லேசாக மிதித்துப் பிடியுங்கள். சத்தம் நின்றுவிட்டால் குறை சஸ்பென்ஷனில் இல்லை. காலிப்பருக்குள் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்த பிரேக் பேட் டிஸ்க்கோடு ஒட்டியதும் அடங்கியிருக்கிறது. பேடைப் பிடிக்கும் கிளிப் விட்டுப்போயிருக்கும் அல்லது ஸ்லைடு பின் தேய்ந்திருக்கும். இந்தச் சோதனையைச் செய்யாததால் மாற்றப்படும் லிங்க் ராடுகள் ஏராளம்.

வண்டி கிளம்பும்போதும் பிரேக் பிடித்து நிற்கும்போதும் ஒரே ஒரு "டொக்" வந்தால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது என்ஜின் மவுண்ட். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டர் கொடுத்துத் திரும்பும்போது "டக டக டக" என்று வந்தால் ஆக்சிலின் வெளிப்பக்க சிவி ஜாயின்ட். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறியபின்தான் பெரும்பாலும் ஜாயின்ட் கெடுகிறது. கிழிசலை ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும், ஆக்சில் பிழைக்கும்.

நியூட்ரலில் நிற்கும்போது சத்தம் வந்து, கிளட்சை மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸின் உள்ளே உள்ள பேரிங். மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். முன்னது செலவு வைக்கும் வேலை, வாங்கும் முன்பே தெரிந்தால் விலை பேச உதவும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கீச்சிட்டுப் பிறகு அடங்குவது பெரும்பாலும் பெல்ட். ஏசி போட்டால் மட்டும் வருகிற முனகலுக்கு கம்ப்ரசர் பக்கம் போங்கள். என்ஜின் ஒரு குறிப்பிட்ட சுற்றில் மட்டும் "கிர்ர்" என்று தகரம் அதிர்ந்து, அதைத் தாண்டியதும் நின்றால் சைலன்சரைச் சுற்றியுள்ள ஹீட் ஷீல்டின் போல்ட் துருப்பிடித்து விட்டிருக்கும்.

பழைய வண்டிக்கே உரிய சத்தங்களும் உண்டு. முந்தைய சொந்தக்காரர் வெளியில் மாட்டிய ரெயின் வைசர், கேரியர், அடியில் போட்ட என்ஜின் கார்டு எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த வண்டியில் சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரின் கிளிப்புகள் பாதி இருக்காது, 80-இல் படபடக்கும். விசில்போல வரும் காற்றுச் சத்தத்துக்குக் கதவு இடுக்குகளில் பெயின்டர்கள் பயன்படுத்தும் காகித டேப்பை ஒவ்வோர் இடமாக ஒட்டி ஓட்டிப் பாருங்கள். எங்கே ஒட்டியதும் நிற்கிறதோ அங்கே பீடிங் கெட்டிருக்கிறது. இதற்கெல்லாம் முன்பாக டிக்கியைக் காலி செய்து, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கி வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுவது நல்லது.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று பாகத்தை ஒன்றாக மாற்றிச் சத்தம் நின்றால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. மெக்கானிக்கிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: "50-க்கு மேல் வருகிறது, கியர் மாற்றினால் மாறவில்லை, இடப்பக்கம் வளைந்தால் கூடுகிறது, பிரேக் பிடித்தால் மாற்றமில்லை." இந்த நான்கு செய்தி அவருடைய அரை நாளை மிச்சப்படுத்தும். அவரையும் வண்டியில் ஏற்றி, சத்தம் வரும் அதே சாலைக்குக் கூட்டிப் போங்கள். பாகம் வாங்க சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைக்குப் போகிறவர்கள் கதவு பீடிங், லைனர், கண்ணாடி வாங்கலாம். பேரிங், பிரேக், ஸ்டீயரிங் பாகங்களைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

நிதானமாகத் தேடுவதற்கு நேரம் தராத சத்தங்களும் உண்டு. டயர் மாற்றியபின் சக்கரத்தோடு சேர்ந்து "டொக் டொக்" என்று வந்து, கூடிக்கொண்டே போனால் உடனே ஓரங்கட்டி வீல் நட்டுகளைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது இரும்போடு இரும்பு உரசினால் பேட் முழுக்கத் தீர்ந்துவிட்டது, அதோடு ஊருக்குப் போகத் திட்டமிடாதீர்கள். என்ஜினிலிருந்து தட்டும் சத்தத்தோடு சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால், வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டாமல் அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்துங்கள். அதற்குமேல் கயிறு கட்டி இழுத்துப் போகவோ வேறொரு வண்டியில் ஏற்றிப் போகவோதான் வேண்டும்.