வெயில் நாட்டில் கிறிஸ்து பிறப்பு விழா

கிறிஸ்து பிறப்பு விழா என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? வெண்பனி படிந்த கூரைகள், ஊசியிலை மரம், கம்பளி அங்கி அணிந்த கிறிஸ்மஸ் தாத்தா. இவை ஐரோப்பாவின் குளிர்காலத்தில் தோன்றிய வழக்கங்கள். பனியையே கண்டிராத நாமும் மரத்தின்மேல் பஞ்சை ஒட்டி மகிழ்கிறோம். ஆனால், டிசம்பர் மாதத்தில் வெயில் கொளுத்தும் நாடுகளும் உலகில் உண்டு. சொந்த ஊரை விட்டு அங்கே பிழைக்கச் சென்ற குடும்பங்கள் இவ்விழாவை எவ்வாறு கொண்டாடுகின்றன?

எங்கள் தந்தையாரின் வேலை காரணமாக, நாங்கள் மூன்று கிறிஸ்மஸ் விழாக்களைக் கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டின் பெரிய நகரமாகிய தார் எஸ் சலாமில் கழித்தோம். 'சமாதானத்தின் உறைவிடம்' என்பதே அந்நகரின் பெயருக்குப் பொருள். அங்கு கண்டவற்றைத் தோழியருக்கு எடுத்துக் கூற விரும்புகிறோம்.

டிசம்பரில் கோடை

தார் எஸ் சலாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. டிசம்பரில் பூமியின் தென்பாதி சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஆகையால், நமக்கு மார்கழிக் குளிர், அவர்களுக்கோ கோடை. பகலில் 31, 32 டிகிரி வெப்பம் இருக்கும். இந்து மகா சமுத்திரக் கரையாதலால் புழுக்கமும் மிகுதி. கடைத்தெருவில் மாம்பழம் குவிந்து கிடக்கும்.

நம் ஊரில் மே மாதத்தை ஒட்டிச் சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் மயிற்கொன்றையை அனைவரும் அறிவோம். 'மே பிளவர்' என்போமே, அதே மரம் அங்கே டிசம்பரில் பூக்கிறது! கிறிஸ்மஸ் மரம் என்றே அதனைக் கூறுவாரும் உண்டு. முதல் ஆண்டில் பஞ்சு தேடி அலைந்த நாங்கள், அடுத்த ஆண்டு முதல் அப்பூங்கொத்துகளையே குடிலின்மேல் வைத்தோம். குடிலின் கூரைக்கு 'மக்கூட்டி' வாங்கினோம். அது வேறொன்றுமில்லை, தென்னங்கீற்றை முடைந்து செய்வது. நம் ஊர்க் கிடுகைப் போன்றதே.

ஆலயத்தில் குலவை ஒலி

துறைமுகத்தின் அருகே புனித சூசையப்பர் பேராலயம் நிற்கிறது. 1897 முதல் 1902 வரை ஜெர்மானியர் எழுப்பியது. கூரிய வளைவுகளும் உயர்ந்த கோபுரமும் கொண்டு, அவர்களுடைய நாட்டு ஆலயம் போலவே அமைந்துள்ளது. ஊரைப் பிரிந்து வந்த அவர்களும் தங்கள் ஊரின் சாயலை உடன் கொண்டுவந்தனர் போலும்!

திருப்பலி சுவாஹிலி மொழியில் நடைபெற்றது. முதல் ஆண்டில் எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒரே வகைத் துணியில் உடை தைத்து அணிந்த பாடகர் குழுவினர், முரசுகள் முழங்க அசைந்தாடிப் பாடினர். திடீரெனப் பெண்கள் நாவைச் சுழற்றி ஒலி எழுப்பினர். அவர்கள் அதனை 'விகெலெகெலே' என்கின்றனர். நமக்கு அது குலவை! சிவகங்கைப் பக்கம் எங்கள் பாட்டியின் கிராமத்தில் நடவின்போது கேட்கும் அதே ஒலி. எங்கள் அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். "நம் ஊருக்கே வந்துவிட்டோம்" என்றார்கள்.

சமையலறையில்

வெயில் நாட்டில் வாழும் தமிழருக்குப் பலகாரம் செய்வதில் தடை ஏதும் இல்லை. வெல்லம் அங்கே 'சுகாரி குரு' எனக் கிடைக்கும். தேங்காய் துருவும் மணையும் உண்டு. அதில் அமர்ந்து துருவ வேண்டும். அதன் பெயர் 'ம்புசி', அதாவது ஆடு! அம்மா "ஆட்டை எடுத்து வா" என்றால் தம்பி சிரிப்பான்.

ஏலம், கிராம்பு, பட்டை, சீரகம் சேர்த்து ஆக்கும் 'பிலாவு' சோறே அந்நாட்டவரின் விழா உணவு. கிறிஸ்மஸுக்கும் அதுவே, ரமலான் பண்டிகைக்கும் அதுவே. பக்கத்து வீட்டு இஸ்லாமியக் குடும்பத்தினர் தங்கள் பண்டிகைக்குப் பிலாவு அனுப்புவர். நாங்கள் கிறிஸ்மஸ் அன்று முறுக்கும் அதிரசமும் அனுப்புவோம். எந்தத் தட்டும் வெறுமையாகத் திரும்பியதில்லை.

பனிமலையின் மகள்

அவ்வெயில் நாட்டிலும் பனி உண்டு. 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோ மலையின் உச்சியில் அது உறைந்து கிடக்கிறது. 1848ஆம் ஆண்டு ரெப்மான் என்னும் ஜெர்மானிய மறைபரப்பாளர் அதைக் கண்டு எழுதியபோது, ஐரோப்பிய அறிஞர் சிலர் நம்ப மறுத்தனராம். அம்மலைச் சரிவில் வாழும் சாகா இன மக்கள், எந்நகரில் வேலை செய்தாலும் கிறிஸ்மஸுக்குத் தம் ஊர் திரும்புவர். அந்நாட்களில் பேருந்துகள் நிரம்பி வழியும், கட்டணமும் ஏறிவிடும்.

எங்கள் தெருவில் பழம் விற்ற அம்மையார் ஒருவர் அவ்வினத்தவர். அவரை 'மாமா' என்று அழைத்தோம். சுவாஹிலியில் அதற்கு அம்மா என்று பொருள். இரண்டாம் ஆண்டில் பேருந்துக்குப் பணம் சேராததால் அவரால் ஊர் செல்ல இயலவில்லை. எங்கள் அம்மா அவரை உணவுக்கு அழைத்தார்கள். "உங்கள் ஊரில் பனி தெரியுமே, அதைக் காணாதது வருத்தமா?" என்று தம்பி கேட்டான். அவர் சிரித்தார். "பனியை யார் நினைக்கிறார்கள்? என் தாய் வாழைக்காயும் இறைச்சியும் சேர்த்து வைக்கும் ம்தோரிக் குழம்பைத்தான் நினைக்கிறேன்" என்றார். பிறகு அனைவரும் சற்று நேரம் பேசாதிருந்தோம். பாட்டி கிராமத்தில் தனியே இருப்பதை எங்களுள் ஒவ்வொருவரும் நினைத்தோம்.

அங்கு நேரம் நம் நாட்டைவிட இரண்டரை மணி பின்தங்கியது. இரவுத் திருப்பலி முடிந்து நாங்கள் வீடு திரும்பும்போது இங்கே விடியும் வேளை. கோவிலிலிருந்து வந்து எங்களுக்காக விழித்திருக்கும் பாட்டியிடம் தொலைபேசியில் பேசிய பின்புதான் எங்கள் கிறிஸ்மஸ் தொடங்கும்.

தோழியரே! முதல் கிறிஸ்மஸில் அன்னை மரியாளும் சூசையப்பரும் சொந்த வீட்டில் இல்லை. பின்னர் எகிப்துக்கும் சென்று அந்நியராய் வாழ்ந்தனர். விழாவுக்குப் பனியும் வேண்டாம், குளிரும் வேண்டாம். ஊரைப் பிரிந்தவருக்கு வேண்டுவது, திறந்திருக்கும் ஒரு வீட்டுக் கதவே. நம் விடுதியிலும் விழாவுக்கு வீடு செல்ல இயலாத தோழியர் சிலர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கின்றனர். இவ்வாண்டு அவர்களை நம் இல்லங்களுக்கு அழைப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு